மில்லிமீட்டர் அலையைத் திருப்பும் சிப்: ஃபேஸ் ஷிஃப்டர் வடிவமைப்பில் எது முக்கியம்?

28 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு சுற்றை முடிக்க ஏறக்குறைய 36 பிக்கோ செகண்ட் ஆகும். அதை 360 டிகிரியாகப் பிரித்தால் ஒரு டிகிரிக்கு 0.1 பிக்கோ செகண்ட்தான் வரும். அந்த நேரத்தில் ஒளி கடக்கும் தூரம் 0.03 மில்லிமீட்டர். இவ்வளவு நுணுக்கமான அளவில் அலையின் கட்டத்தை, அதாவது ஃபேஸை, சொன்னபடி முன்னும் பின்னும் நகர்த்தித் தரும் சுற்றுதான் ஃபேஸ் ஷிஃப்டர். மில்லிமீட்டர் அலை 5ஜி கோபுரத்திலும், அந்த அலைவரிசையைப் பிடிக்கும் போனிலும், செயற்கைக்கோள் இணையத்துக்காகக் கூரையில் வைக்கும் தட்டையான ஆன்டெனாவிலும் இந்த வேலை நடந்தாக வேண்டும்.

இதை முதன்முதலில் வடிவமைக்க உட்காருபவர்கள் பெரும்பாலும் "எத்தனை டிகிரி துல்லியம்?" என்றுதான் கேட்கிறார்கள். தேவையான கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் வர வேண்டிய கேள்விகள் இரண்டு. கட்டத்தை மாற்றும்போது அலையின் வீச்சு, அதாவது அதன் உயரம், எவ்வளவு மாறுகிறது? இந்தச் சுற்றைக் கடப்பதற்குள் எவ்வளவு சக்தி வீணாகிறது? ஒரு வடிவமைப்பு நல்லதா இல்லையா என்பதை இந்த இரண்டும்தான் முடிவு செய்கின்றன. ஏன் அப்படி என்று பார்க்க, கொஞ்சம் பின்னால் போய்த் தொடங்க வேண்டும்.

மில்லிமீட்டர் அலை காற்றில் சீக்கிரம் கரைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 60 கிகாஹெர்ட்ஸில் ஆக்ஸிஜன் உறிஞ்சிக்கொள்வது உண்மைதான், கனமழையும் இழப்பைக் கூட்டும்தான். ஆனால் 28 கிகாஹெர்ட்ஸில், சில நூறு மீட்டர் தூரத்தில், அடிப்படைச் சிக்கல் ஆன்டெனாவின் அளவு. அதிர்வெண் பத்து மடங்கு ஏறினால் அலைநீளம் பத்தில் ஒன்றாகும். அதற்கேற்பச் சுருங்கிய ஆன்டெனா அலையை வாங்கும் பரப்பு நூறில் ஒரு பங்காகிவிடும். 2.8 கிகாஹெர்ட்ஸில் கிடைத்த சக்தியில் நூறில் ஒன்று, அதாவது 20 டெசிபல் குறைவாகத்தான் 28 கிகாஹெர்ட்ஸில் வந்து சேரும். அலை எங்கும் தொலையவில்லை. நாம் நீட்டிய கைதான் சிறிதாகிவிட்டது.

அப்படியானால் இழந்த பரப்பை நிறைய ஆன்டெனாக்களை வைத்து மீட்கலாம். 28 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 10.7 மி.மீ., அதில் பாதி 5.35 மி.மீ. அந்த இடைவெளியில் எட்டுக்கு எட்டு என்று 64 ஆன்டெனாக்களை அடுக்கினாலும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெருக்கி இருந்தால் மொத்தச் சக்தி 64 மடங்கு. எல்லா அலைகளும் ஒரே திசையில் கட்டம் ஒத்துப் போனால் குவிப்பு இன்னொரு 64 மடங்கு. அந்தத் திசையில் நிற்பவருக்கு ஒற்றை ஆன்டெனா தருவதைப் போல 4096 மடங்கு, அதாவது 36 டெசிபல் கூடுதலாகக் கிடைக்கும்.

ஆனால் அலையை இப்படி ஒரே திசையில் குவியும் கற்றையாகக் குறுக்கிவிட்டால் அதைத் திருப்பியும் ஆக வேண்டும், ஏனென்றால் பயனர் நகர்ந்துகொண்டே இருப்பார். திருப்புவதற்கான கணக்கு எளிது. அரை அலைநீள இடைவெளியில், பக்கத்துப் பக்கத்து ஆன்டெனாக்களுக்கு இடையே தேவைப்படும் கட்ட வேறுபாடு, 180 டிகிரியை, திருப்பும் கோணத்தின் சைனால் பெருக்கினால் வருவது. 30 டிகிரி திருப்ப வேண்டுமா? வேறுபாடு 90 டிகிரி. வரிசையில் முதல் ஆன்டெனாவுக்கு 0, அடுத்ததற்கு 90, அப்புறம் 180, அப்புறம் 270, மறுபடி 0. 10 டிகிரிதான் என்றால் 31 டிகிரிப் படிகள் போதும்.

கட்டத்தை நகர்த்திக் கற்றையைத் திருப்பும் எண்ணம் புதியதே அல்ல. கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் 1905-இலேயே சில ஆன்டெனாக்களை வைத்து இதைச் செய்து காட்டினார். ராணுவ ரேடார்களில் ஃபெரைட் என்ற காந்தப் பீங்கானால் ஆன ஃபேஸ் ஷிஃப்டர்கள் பல பத்தாண்டுகளாக உழைத்திருக்கின்றன. பேட்ரியாட் ஏவுகணை அமைப்பின் ரேடாரில் ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆன்டெனாக் கூறுகள் உண்டு. ஃபெரைட்டில் இழப்பு குறைவு, அது தாங்கும் சக்தியும் அதிகம். ஆனால் உருவம் பெரிது, விலையும் பெரிது. போனுக்குள் வைக்க முடியாது. அதனால்தான் குறைக்கடத்தியின் பக்கம் வர வேண்டியிருந்தது.

ஒரு நியாயமான சந்தேகம் இங்கே எழும். அலைகள் வெவ்வேறு தூரம் கடந்து வருகின்றன என்றால், சரிசெய்ய வேண்டியது நேரத் தாமதத்தைத்தானே, கட்டத்தை ஏன் நகர்த்துகிறோம்? கட்டத்தை மட்டும் சரிசெய்தால் அது ஒரே ஓர் அதிர்வெண்ணில்தான் மிகச் சரியாக இருக்கும், மற்ற அதிர்வெண்களில் கற்றை லேசாக விலகும். 5ஜி-யில் இந்த அலைவரிசைக்கு வழக்கமான மிகப்பெரிய சேனல் 400 மெகாஹெர்ட்ஸ். கற்றை 60 டிகிரி சாய்ந்திருக்கும்போதுகூட சேனலின் ஓரத்தில் விலகல் 0.7 டிகிரிதான். எட்டுக்கு எட்டு அடுக்கில் அந்தச் சாய்வில் கற்றையின் அகலமே 25 டிகிரிக்கு மேல் வரும், ஆக இந்த விலகலைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. அதே 60 டிகிரிச் சாய்வில், ஒரு வரிசைக்கு 64 ஆன்டெனாக்களை வைத்து 2 கிகாஹெர்ட்ஸ் அகலத்தைக் கேட்டால் கதை மாறிவிடும். கற்றையின் அகலம் 3 டிகிரி, விலகல் அதையே தாண்டும். அங்கே உண்மையான தாமதச் சுற்று இல்லாமல் முடியாது. இன்றைய 5ஜி-க்கு ஃபேஸ் ஷிஃப்டர் போதும்.

சரி, அதை எங்கே வைப்பது? ஆன்டெனாவை ஒட்டி, ரேடியோ அதிர்வெண்ணிலேயே வைக்கலாம். சிக்னலின் அதிர்வெண்ணை மாற்றும் சுற்றான மிக்ஸருக்கு, அந்த மாற்றத்துக்காகக் கொடுக்கும் உள்ளூர் அலையில் வைக்கலாம். அல்லது ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் ஓர் ஏடிசி கொடுத்து எண்களாக மாற்றிக் கணக்கிலேயே செய்யலாம். சிலிக்கானில் தொடக்கம் இரண்டாவது வழியில்தான் நடந்தது. 2004-இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் குவான், ஹஷேமி, ஹஜிமிரி மூவரும் 24 கிகாஹெர்ட்ஸில் எட்டு ஆன்டெனாக்களுக்கான ரிசீவரை ஒரே சிலிக்கான் சிப்பில் கொண்டுவந்தார்கள். அதில் உள்ளூர் அலையை உண்டாக்கும் வளைய ஆஸிலேட்டர் ஒன்று 16 கட்டங்களை உருவாக்கும், ஒவ்வொரு மிக்ஸரும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். இதன் பெரிய வசதி, சிக்னல் வரும் பாதையில் ஃபேஸ் ஷிஃப்டரே இல்லை என்பது. உள்ளூர் அலையின் வீச்சு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் மிக்ஸர் கண்டுகொள்ளாது. ஆனால் ஆன்டெனாக்களின் எண்ணிக்கை 64, 256 என்று ஏறும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு மிக்ஸர், அதற்கு அத்தனை கட்டங்களையும் சிதையாமல் சிப் முழுக்க இழுத்துச் செல்லும் கம்பிகள் என்று இடமும் மின்சாரமும் கட்டுப்படியாகாமல் போகும். எல்லா ஆன்டெனாக்களுக்கும் ஏடிசி கொடுப்பதும் அதே காரணத்தால் கனமானது. அதனால் 5ஜி-யில் முதல் வழிதான் நிலைத்தது: ரேடியோ அதிர்வெண்ணிலேயே கட்டத்தை நகர்த்து, கூட்டு, அப்புறம் பலவற்றுக்கும் சேர்த்து ஒரே மிக்ஸர். இதற்கான விலையை ஃபேஸ் ஷிஃப்டர்தான் தர வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அது இப்போது சிக்னலின் பாதையிலேயே நிற்கிறது.

அந்தச் சுற்றைக் கட்டப் பல வழிகள் உண்டு. மூன்றைப் பார்த்தால் பெரும்பாலானவை அடங்கிவிடும்.

முதலாவது, சுவிட்ச் வைத்துப் பாதையை மாற்றுவது. ஒரு பாதை நேரானது, இன்னொன்று 90 டிகிரி கூடுதல். இப்படி 180, 90, 45, 22.5, 11.25 என்று ஐந்து கட்டுகளை வரிசையாக வைத்தால் 32 நிலைகள் கிடைக்கும், அதுதான் ஐந்து பிட். கால் அலைநீளக் கம்பியை அப்படியே சிப்பில் போட்டால் ஆக்சைடு அடுக்குக்குள்ளும் அது 1.3 மி.மீ. நீளம் வரும். சிப்பில் அது பெரிய இடம் என்பதால் கம்பிக்குப் பதில் மின்தூண்டியும் மின்தேக்கியும் சேர்ந்த ஃபில்டர்களைப் போடுவார்கள்.

இந்த வகையில் எல்லாத் தொல்லையும் சுவிட்சிலிருந்துதான் வருகிறது. ஒரு டிரான்சிஸ்டரைப் பெரிதாக்கினால் அது திறந்திருக்கும்போதைய (அலையை விடும்போதைய) மின்தடை குறையும், ஆனால் மூடியிருக்கும்போதைய (அலையைத் தடுக்கும்போதைய) மின்தேக்கம் அதே விகிதத்தில் ஏறும். இரண்டையும் பெருக்கினால் வருவது அந்தத் தொழில்நுட்பத்தின் தலையெழுத்து மாதிரி, வடிவமைப்பாளரால் மாற்ற முடியாது. அந்தப் பெருக்கல் 200 ஃபெம்டோ செகண்ட் என்று வைத்துக்கொள்வோம். இழப்பைக் குறைக்க 5 ஓம் வரை இறங்கும் டிரான்சிஸ்டரை எடுத்தால் மூடிய நிலையில் 40 ஃபெம்டோஃபாரட் இருக்கும். 2.8 கிகாஹெர்ட்ஸில் அது 1400 ஓம், நிஜமாகவே மூடிய சுவிட்ச்தான். 28 கிகாஹெர்ட்ஸில் அது வெறும் 142 ஓம். 50 ஓம் அமைப்பில் 142 ஓம் என்பது, இறுக்கி மூடிய பிறகும் ஒழுகிக்கொண்டிருக்கும் குழாய். அந்த மின்தேக்கத்தோடு இணையாக 0.8 நானோஹென்ரி மின்தூண்டியைப் போட்டு ஒத்ததிர்வில் அடைப்பார்கள். ஆனால் அந்தச் சுருளுக்கும் இடம் வேண்டும், அதற்கும் இழப்பு உண்டு, அதிர்வெண் கொஞ்சம் விலகினால் அடைப்பு தளரும். சிலிக்கானுக்கு அடியில் காப்பு அடுக்கு கொண்ட எஸ்ஓஐ தொழில்நுட்பங்களில் இந்தப் பெருக்கல் 100 ஃபெம்டோ செகண்டை ஒட்டி இறங்குகிறது. மில்லிமீட்டர் அலை சிப் செய்பவர்கள் அதைத் தேடிப் போவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இரண்டாவது, பிரதிபலிப்பு வகை. அலையை 90 டிகிரி வித்தியாசத்தில் இரண்டாகப் பிரிக்கும், நான்கு வாசல் கொண்ட கப்ளர் ஒன்றில் இரண்டு வாசல்களில் வராக்டர்களை, அதாவது மின்னழுத்தத்தால் மின்தேக்கம் மாறும் உறுப்புகளை, கட்டுவார்கள். ஒரு வாசலில் நுழையும் அலை அவற்றில் பட்டுத் திரும்பி நான்காவது வாசலில் வெளியேறும். வராக்டரின் மின்னழுத்தத்தை மாற்றினால் திரும்பும் அலையின் கட்டம் மாறும். மின்சாரம் அநேகமாகச் செலவில்லை, அனுப்பவும் வாங்கவும் ஒரே சுற்று, படிப்படியாக இல்லாமல் தொடர்ச்சியாகக் கட்டத்தை நகர்த்தலாம். ஆனால் மின்தேக்கம் மூன்று மடங்கு மாறும் வராக்டர் கிடைத்தாலும், அதை மட்டும் வைத்து அதிகபட்சம் 60 டிகிரிதான் எட்ட முடியும். கட்டம் நகரும் எல்லையை விரிக்க அதனோடு தொடராக மின்தூண்டியைச் சேர்ப்பார்கள். அப்போது நடுவில் ஓர் இடத்தில் ஒத்ததிர்வு வரும். அங்கே அலைக்கு எதிரே மிஞ்சி நிற்பது சுற்றின் வெறும் மின்தடை மட்டும். அது 5 ஓம் என்றால் அந்த ஓர் இடத்தில் மட்டும் 1.7 டெசிபல் போய்விடும், ஓரங்களில் அவ்வளவு போகாது. நாம் கேட்டது கட்ட மாற்றம், அதோடு கேட்காத வீச்சு மாற்றமும் சேர்ந்து வருகிறது. இந்த வகையின் தீராத குறை இதுதான்.

மூன்றாவது, வெக்டர் கூட்டல். எனக்கு இதன் கணிதம் மிகவும் பிடிக்கும். உள்ளே வரும் அலையிலிருந்து 90 டிகிரி வித்தியாசத்தில் இரண்டு அலைகளை உண்டாக்கி, ஒன்றைக் கோசைன் அளவுக்கும் மற்றொன்றைச் சைன் அளவுக்கும் பெருக்கிக் கூட்டினால் எந்தக் கட்டம் வேண்டுமானாலும் கிடைக்கும். 30 டிகிரிக்கு 0.866-உம் 0.5-உம், 120 டிகிரிக்கு முதலாவதன் குறியை மாற்றி 0.5-உம், அடுத்தது 0.866-உம். குறியை மாற்றுவது, எதிரெதிர்க் குறியில் சிக்னலைச் சுமக்கும் வேறுபாட்டு இணையில் இரு கம்பிகளை மாற்றிக் கொடுப்பதுதான், அதனால் 360 டிகிரியும் கைக்குள் வரும். மாஸ் டிரான்சிஸ்டரின் பெருக்கம் மின்னோட்டத்தின் வர்க்கமூலத்தைப் போல ஏறும் என்று எடுத்துக்கொண்டால், இரு பெருக்கிகளின் மின்னோட்டமும் கோசைன் வர்க்கம், சைன் வர்க்கம் ஆகின்றன. இரண்டின் கூட்டு எப்போதும் மாறாதது. நவீனக் குறுகிய டிரான்சிஸ்டர்கள் இந்த விதியை முழுசாக மதிப்பதில்லை என்றாலும் தொடங்க நல்ல இடம் அது. 2007-இல் கோ, ரெபெய்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 0.13 மைக்ரான் சிமாஸ் சிப் தொழில்நுட்பத்தில் இந்த வகை ஃபேஸ் ஷிஃப்டர்களைச் சின்ன இடத்துக்குள் செய்து காட்டிய பிறகு இது பரவலாயிற்று.

இதன் பலவீனம் அந்த 90 டிகிரிதான். மின்தடையும் மின்தேக்கியும் கொண்ட பாலிஃபேஸ் ஃபில்டரால் அதை உண்டாக்கலாம். 28 கிகாஹெர்ட்ஸுக்கு 50 ஃபெம்டோஃபாரட் என்றால் 114 ஓம் வேண்டும். அடுத்து நிற்கும் பெருக்கியின் கேட், இணைக்கும் உலோகக் கோடு இவை கூட்டும் மின்தேக்கமே 5 ஃபெம்டோஃபாரட் இருந்தால் பத்து சதவீதம் அங்கேயே போயிற்று. ஃபேக்டரியில் மின்தடை ஏறி இறங்குவது தனி. இரு பாதைகளுக்கும் ஒரு டெசிபல் வித்தியாசம் இருந்தால் 45 டிகிரி கேட்ட இடத்தில் 48.3 கிடைக்கும். அப்புறம் இது டிரான்சிஸ்டர்களால் ஆனது என்பதால் மின்சாரம் தின்னும், ஒரே திசையில்தான் வேலை செய்யும், பெரிய சிக்னல் வந்தால் நெளியும்.

இப்போது அந்த முதல் கேள்விக்கு வருவோம். எத்தனை பிட் வேண்டும்?

படிகள் பெரிதாக இருந்தால் ஒவ்வொரு ஆன்டெனாவும் கொஞ்சம் தவறான கட்டத்தில் நிற்கும், முதன்மைக் கற்றை கொஞ்சம் பலவீனமாகும். எவ்வளவு என்று கணக்குப் போட்டால் ஒரு பிட்டில் சராசரி இழப்பு 3.9 டெசிபல், இரண்டு பிட்டில் 0.9, மூன்றில் 0.22, நான்கில் 0.06, ஐந்தில் 0.01. அதாவது 45 டிகிரி 45 டிகிரியாகத் தாவும் முரட்டுச் சுற்றுகூட, அடுக்கில் நிறைய ஆன்டெனாக்கள் இருந்தால், 0.22 டெசிபலை மட்டும்தான் இழக்கிறது. தனித்தனித் தவறுகள் கூட்டலில் ஒன்றையொன்று தேய்த்துவிடுகின்றன. மறுபக்கம், சுவிட்ச் வகையில் மில்லிமீட்டர் அலையில் ஒவ்வொரு பிட்டும் ஏறக்குறைய ஒரு டெசிபலை விழுங்கும். முதன்மைக் கற்றையை மட்டும் பார்த்தால் நான்காவது பிட்டும் ஐந்தாவது பிட்டும் சேர்ந்து 0.2 டெசிபலைத் தந்து இரண்டு டெசிபலை எடுத்துக்கொள்கின்றன.

அப்படியிருந்தும் சந்தையில் ஐந்து, ஆறு பிட் சிப்கள் இருப்பதற்குக் காரணம் உண்டு. படிகள் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும்போது தவறுகளும் ஒழுங்காகச் சேர்ந்து, வேண்டாத திசையில் பக்கக் கற்றைகளை எழுப்பும். தோராயமாக ஒரு பிட்டுக்கு 6 டெசிபல்: மூன்று பிட்டில் முதன்மைக் கற்றைக்கு 18 டெசிபல் கீழே, ஐந்தில் 30 டெசிபல் கீழே. ஒரே கோபுரம் ஒரே நேரத்தில் இரண்டு பயனர்களுக்கு இரண்டு கற்றைகள் அனுப்பும்போதோ, பக்கத்துச் செயற்கைக்கோளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற விதி இருக்கும்போதோ அந்த 12 டெசிபல் அவசியம். தவிர, உற்பத்தியில் ஒவ்வொரு ஆன்டெனாவின் பாதையும் கொஞ்சம் பிசகித்தான் வரும். அதைத் திருத்தக் கூடுதல் பிட்கள் கைகொடுக்கும். ஆக, பிட்டுக்குத் தேவை உண்டு. அந்தத் தேவை பக்கக் கற்றையிலிருந்து வருகிறது என்று தெரிந்திருந்தால், வீச்சு மாற்றத்தைச் சும்மா விட்டுவிட்டு டிகிரியை மட்டும் துரத்த மாட்டோம். பக்கக் கற்றையை வீச்சுத் தவறும் அதே போலக் கெடுக்கும். பக்கக் கற்றையை அடக்குவதற்காக ஓர ஆன்டெனாக்களின் வீச்சைத் திட்டமிட்டுக் குறைப்பது வழக்கம். கட்டத்தை மாற்றும்போதெல்லாம் வீச்சு ஒரு டெசிபல் ஆடினால் அந்தத் திட்டமே கலைந்துவிடும்.

இதை வீச்சுக் கட்டுப்பாட்டால் திருத்தலாமே என்றால், பெரும்பாலான பெருக்கிகளில் பெருக்கத்தை மாற்றினால் கட்டமும் நகரும். ஒன்றைச் சரிசெய்ய மற்றது கெடும், அப்புறம் அளந்து அட்டவணை போட வேண்டியதுதான். 64 ஆன்டெனாக்கள், ஒவ்வொன்றுக்கும் 32 கட்ட நிலைகள், 16 வீச்சு நிலைகள் என்றால் 32,768 சேர்க்கைகள். வெப்பநிலை மாறினால் வேறு அட்டவணை, அதிர்வெண் மாறினால் வேறு. கட்டமும் வீச்சும் ஒன்றையொன்று தொடாமல் இருந்தால் ஆன்டெனாவுக்கு 32-உம் 16-உம் சேர்ந்து 48 அளவீடுகள், மொத்தம் 3072 போதும். ஐபிஎம்-உம் எரிக்சனும் 2017-இல் வெளியிட்ட 28 கிகாஹெர்ட்ஸ், 32 கூறுகள் கொண்ட சிலிக்கான்-ஜெர்மானியம் சிப்பில் பெரிதாகப் பேசப்பட்டது அதன் 1.4 டிகிரிக் கற்றைப் படி. 1.4 டிகிரி திருப்பப் பக்கத்து ஆன்டெனாக்களுக்கு இடையே 4.4 டிகிரி வேறுபாடு போதும், கட்டத்தில் அது அதிசயமான துல்லியம் அல்ல. நான் அதில் மதிப்பது, கட்டத்தையும் வீச்சையும் தனித்தனியாக நகர்த்த முடியும்படி அவர்கள் சுற்றை அமைத்ததைத்தான். அட்டவணை இல்லாமல் கற்றையைத் திருப்பும் வசதி அங்கிருந்துதான் வருகிறது.

இழப்பைப் பொறுத்தவரை, ரிசீவரில் அதை மறைக்க முடியும். 3 டெசிபல் இரைச்சல் கொண்ட முதல் பெருக்கி 20 டெசிபல் பெருக்கினால், பின்னால் 10 டெசிபல் இழக்கும் ஃபேஸ் ஷிஃப்டர் நின்றாலும் மொத்த இரைச்சல் 3.2 டெசிபல்தான். அதே பெருக்கி 10 டெசிபல்தான் பெருக்கும் என்றால் 4.6 ஆகிவிடும். ஆக, ஃபேஸ் ஷிஃப்டரின் இழப்பை முன்னால் நிற்கும் பெருக்கியின் மின்சாரம் கட்டுகிறது, அதுவும் ஆன்டெனாவுக்கு ஆன்டெனா. அந்த மின்சாரம் சூடாக மாறும். உள்ளங்கை அளவுப் பலகையின் முதுகில் குவியும் அந்தச் சூட்டை வெளியேற்றுவது சுற்று வடிவமைப்புக்குச் சற்றும் குறையாத வேலை. அனுப்பும் பக்கத்தில் வேறு கணக்கு. ஒவ்வொரு குறியீட்டிலும் 64 நிலைகளில் ஒன்றை அனுப்பும் 64-குவாம் பண்பேற்றத்துக்கு, 5ஜி தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு அனுமதிக்கும் மொத்தச் சிதைவு 8 சதவீதம், அதில் பெரும்பங்கைச் சக்திப் பெருக்கி எடுத்துக்கொள்ளும், மிச்சத்துக்குள் வெக்டர் கூட்டல் சுற்று அடங்க வேண்டும். அதனால் பலரும் கலந்து செய்கிறார்கள்: 180 டிகிரியை வேறுபாட்டுப் பெருக்கியில் கம்பி மாற்றிப் பெறுவது, மீதி 180-ஐ இழப்பு குறைந்த செயலற்ற சுற்றுக்கு விடுவது. நெளிவும் குறைகிறது, பிரதிபலிப்பு வகையால் 360 டிகிரியையும் எட்ட முடியாத குறையும் தீர்கிறது. 28 கிகாஹெர்ட்ஸுக்கு இன்று புதிதாக ஒன்றைத் தொடங்குபவருக்கு நான் இந்தக் கலப்பு வழியைத்தான் முதலில் சொல்வேன்.

இந்தியாவில் 2022 ஏலத்தில் 26 கிகாஹெர்ட்ஸ் விற்கப்பட்டது. மேலே சொன்ன கணக்குகள் எல்லாம் அதற்கும் அநேகமாக அப்படியே பொருந்தும். ஆனால் ஆய்வுக்கூடங்கள் இப்போது பார்ப்பது 100 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே. 28-இல் நான்கு ஆன்டெனாக்களுக்கு நடுவே ஒரு சிப்பை வைத்து நான்கையும் ஓட்டலாம், ஆன்டெனாவுக்கு 5.35 மி.மீ. சதுரம் கிடைக்கிறது. 140 கிகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் 1.07 மி.மீ. அந்தச் சதுரத்துக்குள் பெருக்கி, ஃபேஸ் ஷிஃப்டர், அனுப்புவதற்கும் வாங்குவதற்கும் இடையே மாற்றும் சுவிட்ச் எல்லாம் இருக்க வேண்டும். டிரான்சிஸ்டரின் பெருக்கமோ அங்கே மிகவும் குறைவு, இழப்பை மறைக்கப் பெருக்கி வைப்பது பெரும் செலவு. 0.22 டெசிபல் மட்டுமே கேட்கும் மூன்று பிட் சுற்றுகளை அந்த அலைவரிசையில் மறுபடி எடுத்துப் பார்க்க நல்ல காரணம் இருக்கிறது.